திரையில் ஓட்டும் விமானமும் வானில் பறக்கும் விமானமும்

விமானம் ஓட்டும் அனுபவத்தைத் தரையில் இருந்தபடியே தரும் கருவிக்கு சிமுலேட்டர் என்று பெயர். ஏர்லைன்ஸ் பைலட்டுகள் பயிற்சி பெறும், பல கோடி ரூபாய் விலையுள்ள பெரிய எந்திரமும் சிமுலேட்டர்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளும் சிமுலேட்டர்தான். இந்த இரண்டாவது வகையைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து சென்னையிலிருந்து மதுரைக்கோ சிங்கப்பூருக்கோ திரையில் ஒரு விமானத்தைக் கொண்டு சேர்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் அவர்கள். பெரும்பாலோருக்கு நிஜ காக்பிட்டில் உட்காரும் வாய்ப்பு கடைசிவரை அமைவதில்லை. சிலர் இங்கே தொடங்கி, லைசென்ஸ் வாங்கி, பைலட் ஆகிறார்கள். திரையில் கற்றது வானில் எதுவரை கைகொடுக்கும், எந்த இடத்தில் கைவிடும் என்று தெரிந்துகொள்வது இரு சாராருக்கும் அவசியம்.

சென்னைக்குத் தென்மேற்கே உள்ள மணிமங்கலத்தின் வானம் இதைப் புரிந்துகொள்ள வசதியானது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்க்களம் என்று வரலாற்றில் இடம்பெற்ற ஊர் இது. இன்று இதற்குக் கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கிறது. வடகிழக்கில் மீனம்பாக்கம் விமான நிலையம். மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். ஒரகடத்தை ஒட்டிய வல்லம் வடகாலில், விமான பாகங்கள் செய்யும் தொழிலுக்கென்றே சிப்காட் தனிப் பூங்கா ஒன்றை அமைத்திருக்கிறது.

விமானங்கள் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். அதனால் மணிமங்கலத்தில் அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது காற்றின் போக்கைப் பொறுத்து மாறும். தென்மேற்குக் காற்று வலுத்த நாட்களில் விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து இறங்கி, மேற்கு நோக்கிக் கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வீசும்போது எல்லாம் தலைகீழாகும். மேற்கிலிருந்து வரும் விமானங்கள் மணிமங்கலத்துக்குச் சற்று வடக்கே, சோமங்கலம் பக்கத்து வானத்தைக் கடந்து, மீனம்பாக்கத்தின் 07 ஓடுபாதையை நோக்கி வரிசையாகத் தாழ்ந்து வரும். ஓடுபாதையின் எண் அதன் திசையைச் சொல்கிறது: காந்த வடக்கிலிருந்து ஏறக்குறைய 70 பாகை. அதே பாதையை எதிர் முனையிலிருந்து பயன்படுத்தினால் அது 25.

இந்த வட்டாரத்துக்கு விமானம் புதிதல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாக்காரரான ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியின் துணையோடு தானே உருவாக்கிய விமானத்தை 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து அப்போது ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. பறக்கக் கற்றுக்கொள்ள அன்று ஒரே ஒரு வழிதான்: ஏறி உட்கார்ந்து பறந்துபார்ப்பது. தப்பிப் பிழைத்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

அந்த நிலையை மாற்றியவர் அமெரிக்கரான எட்வின் லிங்க். நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் அவருடைய தந்தைக்குப் பியானோவும் ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை இருந்தது. காற்றை உறிஞ்சியும் ஊதியும் ஆர்கனை இயக்கும் துருத்திகளும் வால்வுகளும் லிங்குக்கு அத்துப்படி. பறக்கும் பயிற்சிக்கு ஆன செலவு அவரை உறுத்தியது. துருத்திகளின் மேல் ஒரு சிறு காக்பிட்டை உட்காரவைத்து, உள்ளே இருப்பவர் கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும்படி, திரும்பும்படி, மூக்கைத் தூக்கும்படி செய்தார். 1929இல் உருவான அந்தக் கருவியை முதலில் வாங்கியவை பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான். ராணுவத்தின் கண் அதன்மேல் பட ஒரு பெரும் துயரம் தேவைப்பட்டது.

1934இல் அமெரிக்காவின் விமானத் தபால் சேவை ராணுவ விமானப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அந்த பைலட்டுகளுக்குப் போதவில்லை. சில வாரங்களிலேயே பலர் உயிரிழந்தார்கள். கருவியைப் பற்றிப் பேசுவதற்கு லிங்கை நியூவார்க் விமானத் தளத்துக்கு வரச்சொன்ன அதிகாரிகள், அன்று மூடுபனி இறங்கியிருந்ததைப் பார்த்து, இந்த நிலையில் எவரும் பறந்து வர முடியாது என்று கிளம்பத் தயாரானார்கள். அந்தப் பனிக்குள்ளேயே லிங்க் தன் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார். தன் கருவியில் பழகியதன் பலன் அது என்று அவர் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஒன்று 3,500 டாலர் விலையில் ராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லிங்க் கருவிகள் பயன்பாட்டில் இருந்தன. நேச நாடுகளின் பைலட்டுகள் லட்சக்கணக்கில் அவற்றில் பழகினார்கள்.

வீட்டுத் திரைக்கு சிமுலேட்டர் வந்து சேர்ந்த கதை 1970களில் தொடங்குகிறது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாணவர் புரூஸ் ஆர்ட்விக், பறக்கும் காட்சியைக் கம்ப்யூட்டரில் உருவாக்குவதைத் தன் 1975ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பொருளாக எடுத்துக்கொண்டார். ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு அவர் எழுதிய புரோகிராமின் வழித்தோன்றல்தான் 1982இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். கோடுகளால் வரைந்த மலையும் பச்சைத் தரையும்தான் அதில் உலகம். சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்ட் என்ற சின்ன விமானத் தளம்தான் அதில் எல்லோருக்கும் புறப்படும் இடம். அந்தத் தளத்தின் ஓடுபாதையை 2003இல் இரவோடு இரவாக உடைத்தபோது, சிகாகோவையே பார்த்திராத எத்தனையோ பேர் சொந்த ஊர் பறிபோனதுபோல் வருந்தினார்கள். 1995இல் ஆஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் வந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் 1997 முதல் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பூமி முழுவதையும் காட்டும் புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளியானது. அதன் அடுத்த பதிப்பு 2024 நவம்பரில் வந்தது.

இவற்றின் உள்ளே நடப்பது கணக்கு. விமானத்தின் வேகம், எடை, இறக்கையின் சாய்வு, காற்றின் அடர்த்தி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, அடுத்த நொடித்துளியில் அது எங்கே இருக்கும் என்று மென்பொருள் விடாமல் கணக்கிடுகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இந்த வேகத்தில், இந்தச் சாய்வில் இவ்வளவு தூக்குவிசை என்று முன்கூட்டியே தயாரித்த அட்டவணையிலிருந்து விடையை எடுப்பது ஒரு வழி. எக்ஸ்-பிளேன் பிடித்தது இன்னொரு வழி: இறக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று தரும் விசையைத் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவது. எந்த வழியானாலும், சாதாரணமாகப் பறக்கும் நிலைமைகளில் விடை உண்மைக்கு மிக நெருங்கி வருகிறது. விமானம் வேகமிழந்து, தூக்குவிசை குலைந்து, தறிகெட்டுச் சுழலத் தொடங்கினால் இந்தக் கணக்குகளை அந்த அளவுக்கு நம்ப முடியாது. பெரிய பயிற்சி சிமுலேட்டர்களுக்கும் இந்தக் குறை நெடுங்காலம் இருந்தது.

பொழுதுபோக்குக்காரர்கள் மென்பொருளோடு நிற்பதில்லை. முதலில் ஒரு ஜாய்ஸ்டிக் வாங்குவார்கள். பிறகு த்ராட்டில், காலுக்கு ரடர் பெடல்கள், தலையை அசைத்தால் காட்சியும் அசையும் ஏற்பாடு என்று மேசை வளரும். பொத்தான்களும் சுவிட்சுகளும் பொருத்திப் பலகையில் காக்பிட்டையே கட்டி எழுப்புகிறவர்களும் உண்டு. விமானங்களும் தனியாகக் கிடைக்கும். இந்திய வானத்தில் அதிகம் தென்படும் ஏர்பஸ் ஏ320 நியோ ரகத்தை, அதன் ஹைட்ராலிக் அமைப்பு, மின் இணைப்பு, காக்பிட் கம்ப்யூட்டர் திரைகள் உட்பட, ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு உருவாக்கி இலவசமாகவே தருகிறது. சம்பளமில்லாமல் இவ்வளவு நுணுக்கமான ஒன்றைச் செய்து பொதுவில் வைப்பது மதிக்க வேண்டிய உழைப்பு.

இனி, ஏ320இல் சென்னையின் 07 ஓடுபாதைக்கு இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். ஓடுபாதைக்கு எட்டு கடல் மைல் முன்பு, அதாவது ஏறக்குறைய 15 கிலோமீட்டரில், விமானம் மணிமங்கலத்துக்கு நேர் வடக்கே இருக்கும். இடதுபுறம் பரந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. வலதுபுறம் மணிமங்கலம் ஏரி, அதற்கப்பால் தாம்பரம். ஓடுபாதையின் அருகிலிருந்து வரும் ரேடியோ அலை, மூன்று பாகைச் சரிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாதையை வானத்தில் வரைந்து வைத்திருக்கிறது. அந்தச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 320 அடி இறங்க வேண்டும் என்பதால், இந்த இடத்தில் உயரம் ஏறத்தாழ 2,500 அடி இருக்க வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குவது என்பதற்கு பைலட்டுகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு. தரை வேகத்தில் பாதியை எடுத்துப் பத்தால் பெருக்கு. 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகம் என்றால் பாதி 70; நிமிடத்துக்கு 700 அடி. எதிர்க்காற்று வலுத்துத் தரை வேகம் 120 ஆகக் குறைந்தால் 600 போதும்.

பிறகு வரிசையாக வேலைகள். ஃப்ளாப் நீட்ட வேண்டும், சக்கரம் இறக்க வேண்டும், செக்லிஸ்ட் படிக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் இறங்க அனுமதி பெற வேண்டும். மேகமூட்டத்தில் வருகிறவர் ஓடுபாதைக்கு மேல் ஆயிரம் அடியை அடையும்போது வேகம், சரிவு, திசை எல்லாம் நிலைபெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டு மேலேறிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், 30 அடி உயரத்தில் மூக்கை மெல்ல உயர்த்த வேண்டும். 20 அடியில் விமானமே ‘ரிட்டார்ட்’ என்று சொல்லி, எஞ்சின் விசையைக் குறைக்க நினைவூட்டும். 3,658 மீட்டர் நீள ஓடுபாதையில் சக்கரம் தொடும்.

திரையில் இதை நூறு தடவை செய்தவருக்கு என்ன மிஞ்சும்? வரிசை மிஞ்சும். எதற்குப் பின் எது, எந்த எண் எப்போது எவ்வளவு இருக்க வேண்டும், ஒன்று தவறினால் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் மனத்தில் ஊறிவிடும். நிஜ விமானத்தில் புதிதாக ஏறுகிற மாணவருக்குக் கருவிகளின் கூட்டமே மலைப்பைத் தரும். சிமுலேட்டரில் பழகியவருக்கு அந்த மலைப்பு இருக்காது. இது சிறிய லாபம் அல்ல. பறக்கும் பயிற்சியில் ஒவ்வொரு மணி நேரமும் ஆயிரக்கணக்கான ரூபாய். அந்த நேரத்தை உயரமானி எது என்று தேடுவதில் செலவழிக்க வேண்டியதில்லை.

சிமுலேட்டர் மிகப் பெரிய பலனைத் தருவது, கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது பறக்கும் பயிற்சியில். மனிதனின் உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள், திரும்பத் தொடங்குவதை உணர்த்தும். சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில நொடிகளில் உணர்வதை நிறுத்திவிடும். மேகத்துக்குள் சாய்ந்து வட்டமடிக்கும் விமானம் நேராகப் போவதாகவே உடல் சொல்லும். கருவியைப் பார்த்து அதை நேராக்கினால், மறுபக்கம் சாய்ந்துவிட்டதாகக் கூச்சலிடும். உடலை நம்பியவர் விமானத்தைச் சுழற்றிக்கொண்டே தரைக்குக் கொண்டுபோய்விடுவார். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 1954இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைச் சிறு விமானத்தில் ஏற்றி, வெளியே பார்க்க முடியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. அருகே பயிற்றுநர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கருவிகளை மாறிமாறிப் பார்த்து, அவை சொல்வதைத் தொகுத்து, உடல் சொல்வதைப் புறந்தள்ளும் பழக்கத்தின் முதல் பாதியை வீட்டுத் திரையிலேயே நன்றாகக் கற்கலாம். சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும் பயிற்சிக் கருவிகளை வைத்து 1990களில் அதே பல்கலைக்கழகம் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின. ஒரு வேலையைப் புதிதாகக் கற்கும் கட்டத்தில் கம்ப்யூட்டரில் பழகிய மாணவர்களுக்கு விமானத்தில் குறைவான முயற்சியே தேவைப்பட்டது. ஏற்கெனவே கற்றதைத் திரும்பச் செய்வதில் அந்த லாபம் வெகுவாகக் குறைந்தது. அடுத்த பாதி, உடலின் கூச்சலை மீறுவது. நாற்காலி அசையாத அறையில் உடல் கூச்சலிடுவதே இல்லை என்பதால், அதை வீட்டில் கற்க வழியில்லை.

இங்கிருந்துதான் வேறுபாடுகள் தொடங்குகின்றன. முதலாவது கால். தரையில் ஓடும் சிறு விமானத்தைத் திருப்புவது கால் பெடல்களால்தான். பெடல் இல்லாமல் ஜாய்ஸ்டிக்கை முறுக்கிப் பழகியவர், நிஜ விமானத்தில் கார் ஓட்டுவதுபோல் கையால் திருப்பப் பார்ப்பார். விமானம் பாட்டுக்கு நேராகப் போகும். வானில் திரும்பும்போதும் காலைச் சரியாகப் பயன்படுத்தாவிட்டால் விமானம் பக்கவாட்டில் வழுக்கும். அந்த வழுக்கலைத் திரையில் ஒரு சின்ன உருண்டைதான் காட்டும். வானில் அது உட்கார்ந்த இடத்திலேயே தெரியும்.

இரண்டாவது ட்ரிம். வேகம் மாறும்போதெல்லாம் கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு மறையும்வரை ட்ரிம் சக்கரத்தைத் திருப்பினால், கையை எடுத்துவிட்டாலும் விமானம் நேராகப் போகும். விரல்களில் தெரியும் அழுத்தத்தைக் கொண்டு செய்யும் வேலை இது. வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஸ்பிரிங் மட்டுமே. அது எந்த வேகத்திலும் ஒரே மாதிரிதான் எதிர்க்கும். அதனால் சிமுலேட்டர்காரர்கள் ட்ரிம்மை எண் பார்த்து வைக்கிறார்கள் அல்லது ஆட்டோபைலட்டிடம் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது கண். தரையைத் தொடும் கடைசி நொடிகளில் பைலட் உயரத்தை மதிப்பிடுவது எதிரே பார்த்து மட்டும் அல்ல. ஓரக்கண்ணில் தரை விரிந்து மேலெழும் வேகம்தான் இன்னும் சில அடிகளே இருக்கின்றன என்று உணர்த்துகிறது. ஒற்றைத் திரையில் அந்த ஓரம் கிடையாது. ஆகவே நூற்றுக்கணக்கான முறை திரையில் அழகாக இறங்கியவர்களும் முதல் நிஜ இறக்கத்தில் மிக உயரத்திலேயே மூக்கைத் தூக்குவதோ, தூக்காமலே தரையில் இடிப்பதோ நடக்கிறது. வி.ஆர். கண்ணாடிகள் தலையைத் திருப்பிப் பார்க்கும் வசதியைக் கொடுத்திருக்கின்றன. ஓரப்பார்வையை இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை.

கண்ணைப் பற்றி இன்னொன்றும் உண்டு. பறக்கும் பயிற்றுநர்கள் சிமுலேட்டர் பழகிய மாணவர்களிடம் காணும் பொதுவான குறை, கருவிகளிலேயே கண்ணைப் பதித்திருப்பது. தெளிந்த வானத்தில் பறக்கும்போது பெரும்பகுதி நேரம் வெளியே பார்க்க வேண்டும். அடிவானம் எங்கே, வேறு விமானம் வருகிறதா, எஞ்சின் நின்றால் இறங்க எந்த வயல் என்று கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை உடைக்க, கருவிப் பலகையைக் காகிதத்தால் மூடிவிட்டு ஓட்டச் சொல்லும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். கற்பவரின் நன்மைக்காகச் செய்யும் கண்டிப்பு அது.

திரையில் உள்ள தரையும் உண்மையான தரையும் முற்றிலும் ஒன்றல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தில் கீழே பார்த்து வழி கண்டுபிடிக்க ஏரிகளைப் போல நல்ல அடையாளம் வேறில்லை. வரைபடத் தரவில் ஏரி என்று பதிந்துவிட்டால் சிமுலேட்டரில் அது சித்திரை, வைகாசியிலும் நிரம்பியே நிற்கும். நிஜத்தில் கோடையில் அது வெறும் மண்வெளி. அதே கோடை மதியத்தில், சூடேறிய கட்டாந்தரையிலிருந்தும் தொழிற்சாலைக் கூரைகளிலிருந்தும் எழும் வெப்பக் காற்று சிறு விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். சிமுலேட்டரில் காட்சி ஆடும். பறக்கிறவரின் வயிறு ஆடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் பிழைக்கு விலை இல்லை. நிறுத்தி வைக்கலாம், பின்னோக்கிப் போகலாம், மோதினால் மறுபடி தொடங்கலாம். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்காள விரிகுடாவின் மேல் மறைந்தது. அதன் சிதைவுகளைச் சென்னையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டறிந்த செய்தி வருவதற்கு 2024 ஜனவரி ஆனது. நிஜ விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் சிறிதளவாவது பயத்தைச் சுமந்துகொண்டுதான் ஏறுகிறார்கள். அந்தப் பயத்தோடு சேர்ந்து சரியாக யோசிப்பதுதான் பைலட் பயிற்சியின் சாரம்.

யோசிக்க எடுக்கும் நேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை உலகுக்குக் காட்டியது 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் நடந்த சம்பவம். லாகார்டியா விமான நிலையத்திலிருந்து கிளம்பிய ஏ320 ஒன்றின் இரு எஞ்சின்களும் பறவைகள் மோதிச் செயலிழந்தன. கேப்டன் செஸ்லி சல்லன்பர்கர் அதை ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். திரும்பிப் போயிருக்க முடியாதா என்று விசாரணையில் சிமுலேட்டரில் சோதித்தார்கள். பறவை மோதிய நொடியே திரும்பிய பைலட்டுகள் சிலரால் ஓடுபாதையை அடைய முடிந்தது. அவர்களுக்கு நடக்கப்போவது முன்பே தெரியும். என்ன ஆனது என்று புரிந்துகொண்டு முடிவெடுக்க 35 விநாடி அவகாசம் வைத்துத் திருப்பியபோது, விமானம் ஓடுபாதைக்கு வரவில்லை. சிமுலேட்டர் அன்று பொய் சொல்லவில்லை. மனிதனின் திகைப்பையும் கணக்கில் சேர்த்த பிறகுதான் அது முழு உண்மையைச் சொன்னது.

ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் முழு சிமுலேட்டர் வேறு தரத்தது. அசல் காக்பிட்டின் அச்சான நகல் ஒன்று, நீண்டு சுருங்கும் ஆறு கால்களின் மேல் நிற்கும். ஓர் அறையின் அளவுக்குள்ளேயே அசைந்துகொண்டு ஓடுபாதையில் சீறும் உணர்வை எப்படிக் கொடுப்பது? இதற்கொரு தந்திரம் உண்டு. கால்கள் முதலில் காக்பிட்டைச் சற்று முன்னே தள்ளும். உடனே, உணர முடியாத மெதுவான வேகத்தில் மூக்கை மேலே சாய்க்கும். புவியீர்ப்பு உடலை இருக்கையின் முதுகோடு அழுத்த, திரையில் அடிவானம் நேராகவே இருப்பதால், வேகமெடுப்பதாக உட்காது நம்பிவிடும். லிங்க்கின் துருத்தி செய்ய முயன்ற அதே வேலைதான். கணக்கு மட்டும் நுணுக்கமாகிவிட்டது. இந்தியாவில் இத்தகைய சிமுலேட்டர்கள் டெல்லி வட்டாரம், பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் உள்ளன. ஏர்லைன்ஸ் பைலட்டுகள் எத்தனை ஆண்டு பறந்தவர்களானாலும் ஆண்டுக்கு இருமுறை இவற்றில் ஏறித் தேர்வு கொடுத்தாக வேண்டும். ஓடுபாதையில், இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தொட்ட கணத்தில் ஒரு எஞ்சினைப் பயிற்றுநர் அணைப்பார். எஞ்சினில் தீ, கேபினில் புகை, காற்றழுத்த இழப்பு என்று நிஜ வானில் செய்து பார்க்கவே கூடாதவை எல்லாம் இங்கேதான் நடக்கும்.

இந்தப் பயிற்சியின் பலனைச் சென்னை மக்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் நெருங்கியபோது, மீனம்பாக்கத்தில் இறங்க வந்த ஏ320 ஒன்று பக்கவாட்டுக் காற்றில் தள்ளாடி, ஓடுபாதையை நெருங்கிய நிலையிலிருந்து மறுபடி மேலேறிய வீடியோ நாடெங்கும் பரவியது. பார்த்தவர்கள் பதறினார்கள். பைலட்டுகள் செய்தது பாடப்புத்தகத்தில் உள்ளபடியான கோ-அரவுண்ட்: இறக்கம் சரியாக அமையவில்லை என்றால் முழு விசை கொடுத்து, மூக்கை உயர்த்தி, ஏறிவிடுவது. வீட்டு சிமுலேட்டர்காரர்களில் பலர் இதைப் பழகுவதில்லை. எப்படியாவது இறக்கிவிடுவதுதான் வெற்றி என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. திரையில் பறப்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் எண்ணம் இதுதான். மூன்று இறக்கத்துக்கு ஒரு கோ-அரவுண்டாவது செய்து பழகுவது நல்லது.

சட்டத்தின் பார்வையில் வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய நேரம் கணக்கில் வராது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. ஏற்ற கருவிகளில், தகுதியுள்ள பயிற்றுநரின் முன் ஓட்டியதையே லாக் புத்தகத்தில் எழுதலாம். வணிக பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். கருவிகளை நம்பிப் பறப்பதற்கான தனித் தகுதிக்கு 40 மணி நேரக் கருவிப் பயிற்சி தேவை; அதில் 20 மணி நேரம் வரை ஏற்கப்பட்ட சிமுலேட்டரில் செய்யலாம். சட்டமே சிமுலேட்டருக்கு அதிக இடம் கொடுத்திருப்பது, ஆய்வுகள் அதன் பலத்தைக் காட்டிய அதே துறையில்தான்.

மாணவர் பைலட் லைசென்ஸ் 16 வயதில் பெறலாம். வணிக லைசென்ஸுக்கு 18. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நீண்ட காலமாக உள்ள விதி. பணம் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவது புத்திசாலித்தனம். மொத்தச் செலவு ஐம்பது லட்சம் ரூபாயை எளிதில் தொடும்; அதைத் தாண்டுவதும் சகஜம். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது எட்டாத தொகை. கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. வான் பிரிவு ஒரு நல்ல வாசல். அதில் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் அமரும் மைக்ரோலைட் விமானத்தில் பயிற்றுநருடன் பறக்கும் வாய்ப்பைக் கட்டணம் இல்லாமல் பெறுகிறார்கள். இந்திய விமானப்படை வழியாகப் பைலட் ஆகிறவருக்கோ செலவு அரசுடையது. மணிமங்கலத்துக்குப் பக்கத்திலேயே, தாம்பரத்தில், பறக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் விமானப்படைப் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. 1948இல் அம்பாலாவில் தொடங்கி 1954இல் இங்கே வந்த பள்ளி அது. நட்பு நாடுகளின் பைலட்டுகளும் அங்கே வந்து பயிற்சி பெறுகிறார்கள்.

பைலட் ஆவது மட்டுமே இந்தப் பொழுதுபோக்கின் பயன் என்று நினைக்க வேண்டாம். வாட்சிம் என்ற உலகளாவிய இணைய வலையமைப்பு 2001 முதல் இயங்குகிறது. அதில் ஒருவர் திரையில் விமானம் ஓட்ட, மற்றொருவர் தன் வீட்டிலிருந்தே கட்டுப்பாட்டாளராக இருந்து வழிநடத்துவார். சென்னை கோபுரத்தின் பொறுப்பை ஏற்று உட்காரும் தன்னார்வலர்களுக்கும் பயிற்சியும் தேர்வும் உண்டு. ரேடியோவில் சுருக்கமாகப் பேசுவது, சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துவது, கேட்டுக்கொண்டே எழுதுவது போன்றவை அங்கே நிஜமாகவே கற்கப்படுகின்றன. முதல் முறை மைக்கைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தயக்கத்தை வீட்டிலேயே கடந்துவிட்டவருக்குப் பயிற்சி விமானத்தில் ரேடியோ ஒரு சுமையாக இருக்காது. விமானப் பராமரிப்புப் பொறியாளர், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், வானிலை அறிஞர் ஆகிய வேலைகளின் முதல் ஆர்வம் இங்கிருந்து பிறக்க முடியும்.

பறக்க ஆசைப்பட்டு வேறு வழியில் விமானத்தோடு வாழ்ந்தவர்களில் தமிழர்கள் அறிந்த பெயர் அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர், விமானப்படை பைலட் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தார். 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக இருந்தபோது, தம் 74ஆம் வயதில் புனே விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார்.

திரையிலிருந்து நிஜப் பயிற்சிக்குப் போகிறவருக்கு அனுபவமுள்ளவர்கள் சொல்லும் ஆலோசனைகள் எளிமையானவை. சிமுலேட்டரில் பழகியிருப்பதைப் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எதைத் திருத்த வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். திரையில் பெரிய ஜெட்டை விட்டுவிட்டு, பயிற்சிக்கு எடுக்கப்போகும் அதே சிறு விமானத்தை ஓட்ட வேண்டும். ஆட்டோபைலட்டைத் தொடக் கூடாது. பெடல் வாங்கப் பணம் இருந்தால் அதைத்தான் முதலில் வாங்க வேண்டும். வகுப்புத் தொடங்கிய பிறகு, அன்று வானில் பயிற்றுநர் காட்டிக்கொடுத்ததை மட்டும் மாலையில் திரையில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். அவர் இன்னும் காட்டாததைத் தானாக முன்கூட்டிப் பழகினால், தவறாகப் படிந்த பழக்கத்தை நீக்கவே பிறகு நிஜ விமானத்தில் காசு கொடுத்து நேரம் வாங்க வேண்டியிருக்கும்.